காபிக் கறைக்கு அஞ்சும் அச்சு எந்திரம்

"செய்தித்தாளைப் போலக் கைபேசியையும் மடமடவென்று அச்சடித்துத் தள்ளப்போகிறார்களாமே, விலை சல்லிசாகிவிடுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. ஆனால் அச்சடித்த மின்னணுச் சாமான் ஏற்கெனவே அவர் வீட்டுக்குள் வந்திருக்கும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் ஓடும் கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் கார்பன் மையால் ஆனவை. தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் போடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். கம்ப்யூட்டர் கீபோர்டைப் பிரித்தால், உள்ளே பாலியெஸ்டர் தாளில் வெள்ளி மைக் கோடுகள் இருக்கும். இவற்றுக்கு யாரும் விழா எடுப்பதில்லை. விழாவெல்லாம் சுருட்டி வைக்கும் டிவிக்குத்தான்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பார்கள். 1977இல் ஹீகர், மெக்டயர்மிட், ஷிராகவா மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் அயோடினைச் சேர்த்து மின்சாரம் ஓடவைத்தார்கள். 2000இல் நோபல் பரிசு. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் இங்க்ஜெட்டால் பாலிமர் டிரான்சிஸ்டர்களை அச்சடித்தார்கள். அங்கே பிறந்த பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனம் 2010 ஜனவரியில் 'கியூ' என்ற மின்னூல் கருவியை ஆரவாரமாகக் காட்டி, ஆகஸ்டில் கைவிட்டது. போதும்.

எனக்குச் சுவாரசியம் மைத்துளி காயும் விதத்தில்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் பத்துப் பங்கை எடுத்தால் இங்க்ஜெட் உமிழும் ஒரு துளி. அதில் வெள்ளி நுண்துகள்கள் மிதக்கின்றன. கட்டி வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். நுண்துகள்களோ 150 டிகிரி வாக்கிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் தாள் பிழைத்துக்கொள்ளும். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் கரிய வளையம் விழுமல்லவா? வெள்ளி மையும் அப்படித்தான் காய்கிறது.

காரணத்தை 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டீகனும் கூட்டாளிகளும் விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. ஆவியாவதோ விளிம்பில்தான் அதிகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரம் நோக்கி ஓடுகிறது, துகள்களையும் இழுத்துக்கொண்டு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் நடுவில் சாம்பார் அண்டா. பெருந்தீனிக்காரர்கள் எல்லாரும் ஓர வரிசையில், எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல். வாளிகள் ஓரத்துக்கே ஓடுகின்றன. சாம்பார் வயிற்றுக்குள் போய்விடும். முருங்கைக்காய்ச் சக்கை ஓர இலைகளில்தானே குவியும்? அந்தச் சக்கைதான் வெள்ளி. இந்த ஓட்டத்தைத் திருப்பப் பெண்ணின் தாய்மாமன் ஒருவர் வேண்டும், பரிமாறுகிறவர்களை அதட்டி நடுவுக்கு விரட்ட. மையில் அந்த வேலையை, தண்ணீரோடு கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் பார்க்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இது 197இல். எனவே விளிம்பில் தண்ணீர் முதலில் பறந்துவிட, கிளைக்கால் தங்கிவிடுகிறது. அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். இழுவிசை குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு மேற்பரப்பு நகரும். அதாவது ஓரத்திலிருந்து நடுவுக்கு. மாரங்கோனி ஓட்டம் என்பார்கள். தாய்மாமன் என்றாலும் தப்பில்லை.

வளையம் விழுந்தால் என்ன குடிமுழுகிவிடும்? டிரான்சிஸ்டர் என்பது அடுக்கடுக்கான கட்டுமானம். கீழடுக்கின் ஓரம் மேடாகிப்போனால், அதன்மேல் பூசும் மெல்லிய மின்காப்புப் படலத்தை அது துளைத்துவிடும், ஷார்ட் சர்க்யூட். ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் மக்டாசி குழுவினர் 2009இல் இந்தத் தொல்லையையே தொழிலாக்கினார்கள். வெள்ளித் துளிகளை வேண்டுமென்றே வளையங்களாகக் காயவிட்டு, ஒன்றோடொன்று கோத்து அச்சடித்தார்கள். ஓட்டையின் விட்டம் சுமார் 150 மைக்ரான், விளிம்பின் அகலம் 10க்கும் குறைவு. மின்சாரம் வளையங்கள் வழியே ஓடுகிறது, வெளிச்சம் ஓட்டைகள் வழியே போகிறது. ஒளி ஊடுருவும் மின்கடத்தி தயார். சுருட்டும் டிவியைவிட இதற்குத்தான் நான் கைதட்டுவேன்.

2021இல் ஆர்ம் நிறுவனம் வளையும் தகட்டில் 32 பிட் செயலியைச் செய்துகாட்டியபோதும் "அச்சடித்த கம்ப்யூட்டர்" என்று சிலர் குதித்தார்கள். அது அச்சடித்ததல்ல, வழக்கமான சிப்பைப் போல ஒளியால் பொறித்தது. 18,334 தர்க்க வாயில்கள், அதிகபட்சம் 29 கிலோஹெர்ட்ஸ் வேகம்; கைபேசிச் சிப் ஏறக்குறைய லட்சம் மடங்கு வேகமானது. பால் கெட்டுவிட்டதா என்று பாக்கெட்டே சொல்ல, இந்த வேகம் தாராளம். அங்கேயும் விலைதான் தடை: பால் பாக்கெட்டில் ஒட்டுவதற்குச் சில காசுக்குமேல் யாரும் கொடுக்கமாட்டார்கள். மற்றபடி, வளையும் மின்னணுப் பட்டை என்று செய்திகளில் வருபவற்றில் பலவற்றிலும் கோடுகள்தான் அச்சு. மூளை, பழைய வளையாத சிலிக்கான் சில்லு. பக்கத்தில் ஒரு பட்டன் பேட்டரி.