தலைகீழ் நிறமாலை

தலைகீழ் நிறமாலை என்பது, ஒரே பொருளைப் பார்க்கும் இருவர் ஒரே விதமான நிற அனுபவத்தைப் பெறுகின்றனரா என்ற கேள்வியை ஆராய்வதற்கு மெய்யியலில் பயன்படுத்தப்படும் ஒரு சிந்தனைச் சோதனை ஆகும். ஆங்கிலேய மெய்யியலாளரான ஜான் லாக், 1690 என ஆண்டு குறிக்கப்பட்டு வெளியான மனித அறிதிறன் பற்றிய தமது நூலில் இதனை முன்வைத்தார். ஊதா நிற வயலட் மலர் ஒருவர் மனத்தில் உண்டாக்கும் அதே எண்ணத்தை, மஞ்சள் நிற மாரிகோல்டு மலர் மற்றொருவர் மனத்தில் உண்டாக்கக்கூடும் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு.

சோதனையின் அமைப்பு

பிறவியிலிருந்தே ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் இடம் மாறித் தோன்றுவதாகக் கொள்வோம். குழந்தைப் பருவத்தில் தக்காளிப் பழத்தைக் காட்டி "இது சிவப்பு" என்றே அவருக்கும் கற்பிக்கப்பட்டிருக்கும். எனவே அவரும் தக்காளியைச் சிவப்பு என்றும், இலையைப் பச்சை என்றும் கூறுவார். போக்குவரத்து விளக்கைப் பார்த்துச் சரியாகவே நிற்பார். அவரது சொல்லாலோ செயலாலோ இந்த வேறுபாட்டைக் கண்டறிய இயலாது. சுவை, மணம், வலி ஆகிய புலன் உணர்வுகளைப் பற்றியும் இதே கேள்வியை எழுப்பலாம். இத்தகைய அனுபவங்களின் அகத்தன்மையை மெய்யியலாளர் 'குவாலியா' என அழைக்கின்றனர்.

நிறக்குருடும் தலைகீழ் நிறமாலையும்

மனித விழித்திரையில் பொதுவாக மூன்று வகைக் கூம்புக் கலங்கள் நிறங்களைப் பிரித்தறிய உதவுகின்றன. இவற்றுள் ஒரு வகை செயற்படாவிடில் சில நிறங்கள் ஒன்றுபோலத் தோன்றும். வேதியியலாளர் ஜான் டால்டன் தமக்கிருந்த இக்குறைபாட்டை 1794 இல் விவரித்தார். தம் கண்ணினுள் உள்ள பாய்மம் நீல நிறமாக இருப்பதே காரணம் என அவர் கருதினார். 1844 இல் அவர் இறந்தபின் கண்கள் ஆராயப்பட்டபோது அக்கருத்து தவறெனத் தெரிந்தது. பாதுகாக்கப்பட்ட கண் திசுவில் 1995 இல் நடத்தப்பட்ட மரபணு ஆய்வு, நடுத்தர அலைநீள ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை எனக் காட்டியது.

டால்டனின் வேறுபாடு வெளிப்பட்டதற்குக் காரணம், பிறர் பிரித்தறிந்த நிறங்களை அவரால் பிரித்தறிய முடியாமையே. தலைகீழ் நிறமாலையிலோ பிரித்தறியும் திறன் சிறிதும் குறைவதில்லை. ஆகவே நிறக்குருட்டுச் சோதனைகள் இக்கேள்விக்கு விடை தருவதில்லை.

எதிர்வாதங்கள்

நிறங்களின் அமைப்பு சமச்சீரானது அன்று என்பது முக்கியமான எதிர்வாதமாகும். செறிவான மஞ்சள், செறிவான நீலத்தைவிட வெளிறியது. மஞ்சளின் கருமை கூடினால் பழுப்பு என்னும் வேறு நிறமாகத் தோன்றும். நீலத்தின் கருமை கூடினாலும் அது நீலமாகவே தோன்றும். எனவே இவ்விரண்டும் இடம் மாறியிருப்பின், நிறங்களை ஒப்பிடும்போது அது வெளிப்பட்டுவிடும். அமெரிக்க மெய்யியலாளர் டேனியல் டெனெட், எவ்வகையிலும் அறிய இயலாத வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை எனக் கருதி, குவாலியா என்னும் கருத்தையே 1988 இல் மறுத்தார்.

முக்கியத்துவம்

மனநிலை ஒன்றை அதன் செயற்பாட்டைக் கொண்டே முழுமையாக வரையறுக்கலாம் என்பது செயற்பாட்டியத்தின் நிலைப்பாடு. செயற்பாட்டில் ஒத்த இருவர் அனுபவத்தில் வேறுபடுதல் இயலுமெனின், அந்நிலைப்பாடு முழுமையற்றதாகிவிடும். இதனாலேயே, மூளையின் செயற்பாட்டை முழுதும் அறிவதால் மட்டும் ஒருவரது அனுபவத்தை அறிந்துவிட முடியுமா என்னும் விவாதத்தில் இச்சோதனை தொடர்ந்து இடம்பெறுகிறது.