மச்சுப் படிக்கு எந்த மரம்?

புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்டு வீடுகளில் மச்சு என்பது வெறும் பரண் அல்ல. விதைக் கடலை, விதை நெல், உளுந்து, புளி எல்லாம் ஏறி இறங்குகிற இடம் அது. 75 கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு 60 கிலோ எடையுள்ள ஒருவர் படியேறும்போது 135 கிலோ பாரம் ஒரே காலில், ஒரே பலகையின் நடுவில் இறங்குகிறது. அந்தப் பலகை உளுத்துப் போயிருந்தாலோ முறுக்கிக்கொண்டிருந்தாலோ விழுவது மூட்டை மட்டுமல்ல.

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் தேக்கும் வேம்பும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. இடத்தைச் சுத்தம் செய்தால் போதும் என்ற நிலையில் நல்ல மரங்களும் விறகு விலைக்குப் போயின. எந்த மரம் எதற்கு உதவும் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்கு வேண்டிய ஐந்து கன அடியையாவது நிறுத்தி வைத்திருக்கலாம். அவ்வளவுதான் தேவை. ஏழடி உயர மச்சுக்கு 7 அங்குல ஏற்றமாகப் பன்னிரண்டு ஏற்றம் வரும், படிப்பலகை பதினொன்று. ஒவ்வொன்றும் 3 அடி நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் சுமார் மூன்றரை கன அடி. கழிவு சேர்த்து ஐந்து.

படி என்றதும் தேக்கு என்பார்கள். கோனாப்பட்டு, இராயவரம் ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளில் நூறாண்டு கடந்தும் நிற்கும் பர்மாத் தேக்கைப் பார்த்த கண்ணுக்கு அது இயல்பே. ஆனால் இன்று வரப்பில் வளர்த்து இளமையிலேயே வெட்டும் தேக்கில் பாதிக்கு மேல் வெள்ளைப் பகுதியாகவே இருக்கக்கூடும். வைரம் பாய்ந்த பகுதிக்குள்ள பாதுகாப்பு வெள்ளைக்குக் கிடையாது. கரையான் அதைப் பிற மரம்போலவே தின்னும். தேக்கு என்ற பெயருக்குப் பணம் கொடுத்து வெள்ளையை வாங்குவதைவிட வைரம் பாய்ந்த வேம்பு எவ்வளவோ மேல்.

வேம்பு கனத்த மரம். மிதிக்கு நன்றாகத் தாங்கும். இழை பின்னிக் கிடப்பதால் இழைப்புளி ஓடும்போது சற்றுப் பிய்யும், ஆசாரி முணுமுணுப்பார். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பூவரசு அதைவிடச் சிறந்தது என்றே சொல்லலாம். உலரும்போது சுருக்கம் குறைவு, மெருகும் ஏறும். நீளமான நேர்மரம் கிடைப்பதுதான் அரிது. ஆனால் படிக்கு மூன்றடி நீளம் போதுமே! கண்மாய்க் கருவேலம் இன்னும் கெட்டி. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் உழைத்த மரம் படிக்கு உழைக்காதா? இதில் துவர்ப்புச் சத்து மிகுதியாகையால் இரும்பு ஆணி பட்ட இடம் கறுத்துவிடும். பித்தளைத் திருகாணியோ துத்தநாகப் பூச்சுள்ளதோ போட வேண்டும்.

பலா சற்று மென்மையானது. கரையான் எளிதில் அண்டாது, அறுக்கச் சுகம், மஞ்சள் நிறம் நாளடைவில் பழுப்பாகி அழகு தரும். ஆனால் படியின் முன்விளிம்பு தேயும். பலாவைப் போடுவோர் பலகையை முக்கால் அங்குலம் கூடுதல் கனமாக வைத்துக்கொள்ளட்டும். புளியில் உள்ளே கருத்த வைரம் இரும்பு போன்றது. ஆனால் அது சிறிதளவே இருக்கும், சுற்றியுள்ள வெள்ளையை வண்டு துளைத்து மாவாக்கிவிடும். மாமரம் வேண்டாம். தைல மரம் கனமானதுதான் என்றாலும் உலரும்போது முறுக்கி வெடிப்பதால் வீட்டுப் படிக்கு நம்ப முடியாது.

தென்னையைப் பலர் மரமாகவே எண்ணுவதில்லை. தொல்காப்பியமும் அப்படித்தான் பகுத்தது: உள்ளே வைரம் உள்ளது மரம், புறத்தே வைரம் உள்ளது புல் என்று. தென்னையும் பனையும் இரண்டாவது இனம். ஆகவே மற்ற மரத்தில் தள்ள வேண்டிய புறப்பகுதியே இங்கு கொள்ள வேண்டிய பகுதி. முதிர்ந்த தென்னையின் அடிமரத்தில் வெளிப்புறமாக இரண்டு மூன்று அங்குலம் நல்ல படிப்பலகை தரும். நடுச்சோறு எதற்கும் ஆகாது. அகலம் போதாவிட்டால் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து ஒட்டலாம். துளை போட்ட பிறகே திருகாணி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும்.

எந்த மரமானாலும் பச்சையாகப் படி போட்டால் கெடும். அறுக்கும்போதே சுருக்கத்துக்கும் இழைப்புக்கும் கால் அங்குலம் கூட்டி, ஒன்றே முக்கால் அங்குலமாக அறுக்கச் சொல்ல வேண்டும். மரத்தின் நடுத்தண்டு பலகைக்குள் வரக்கூடாது. வந்தால் அந்த இடத்தில் வெடிக்கும். பலகையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் தெரியும். அவை செங்குத்தாக நிற்கும் பலகை குறைவாகவே வளையும். படுத்துக் கிடந்தால் ஓடுபோல் குவியும். முனைகளில் பெயின்ட் அடித்து, காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, இரண்டடிக்கு ஒரு குச்சி இடைவைத்து அடுக்கி, மேலே கல்லைப் பாரம் ஏற்றி ஆறு மாதமாவது விட வேண்டும். கருவேலத்துக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும். உலர்ந்ததா என்றறிய ஒரு துண்டை வாரந்தோறும் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். எடை குறைவது நின்றபின் ஆசாரியைக் கூப்பிடலாம்.

வெள்ளைப் பகுதி கொஞ்சம் ஒட்டியிருந்தால் வண்டுக்கு மருந்து அவசியம். 10 லிட்டர் நீரில் 300 கிராம் வெங்காரமும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, அறுத்த ஈரம் காயுமுன் பலகையை ஊறவைக்க வேண்டும். ஆடு மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்துச் செய்க. மருந்து வாங்க வழியில்லாதவர் மரத்தைச் சில மாதம் குளத்து நீரில் போட்டு வைக்கும் பழைய முறையைப் பின்பற்றலாம். மரத்திலுள்ள மாவுச்சத்து கரைந்துபோவதால் வண்டுக்கு அங்கே வேலை குறையும்.

இதற்காக நிற்கும் இலுப்பையை வெட்டுவது தகாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும், தேக்கு பட்டா நிலத்தில் நின்றாலும் வெட்டுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி போட்டபின் பளபளக்கும் வார்னிஷ் பூசுவோர் உண்டு. ஈரக் காலுடன் இறங்கும் பெரியவர்களுக்கு அது ஆபத்து. ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை தேய்த்தால் போதும். முன்விளிம்பை உருட்டி, அதிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு கோடு இழுத்துவிடச் சொன்னால் ஆசாரிக்குப் பதினொரு படிக்கும் அரைநாள் வேலைதான்.