பழைய வண்டியை எடைக்குப் போடப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று தெருவில் கூவி வந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கலாம். இன்று பல வீடுகளில் இருக்கும் மிகப் பெரிய பழைய இரும்பு, வாசலில் தூசி படிந்து நிற்கும் ஸ்கூட்டரும் காரும்தான்.

அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, "தொல்லை விட்டது" என்று இருந்துவிடுகிறோம். வண்டி போனாலும், ஆர்.டி.ஓ. பதிவேட்டில் அது இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்த நம்பர் பிளேட்டை யாராவது திருட்டு வண்டியில் மாட்டினால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்!

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 55-வது பிரிவு, இனி ஓட்டவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது.

சரியான வழி என்ன?

2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் செயல்படுகின்றன. போனிலேயே தொடங்கலாம்.

1. பரிவாகன் இணையதளத்தில் உங்கள் வண்டிக்கு வரி பாக்கி, இ-சலான் அபராதம், கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கடனை அடைத்த பிறகும் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், தடையில்லாச் சான்று வாங்கி முதலில் அதை நீக்குங்கள்.
2. அதே தளத்தின் வி-ஸ்கிராப் பகுதியில் மையத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள். இரண்டு மூன்று மையங்களில் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது.
3. வண்டியை ஒப்படைத்ததும் 'சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்' என்ற வைப்புச் சான்றிதழ் தருவார்கள்.
4. வண்டியை உடைத்த பிறகு அழிப்புச் சான்றிதழ் கிடைக்கும். இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.

உங்களுக்கு என்ன லாபம்?

வண்டிக்கான பணம் ஒரு பக்கம். வைப்புச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியிலும் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. உங்கள் மாநிலத்தில் எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இரும்பு எங்கே போகிறது?

மையத்தில் முதலில் பேட்டரி, இன்ஜின் ஆயில், ஏ.சி. வாயு ஆகியவற்றைப் பத்திரமாக எடுத்துவிடுவார்கள். முறையில்லாத இடங்களில் ஆயில் மண்ணில் இறங்குகிறது. தாமிரத்துக்காக ஒயரைக் கொளுத்துவதால் நச்சுப் புகை கிளம்புகிறது. அங்கே வேலை செய்பவர்களின் உடம்பைத்தான் அது முதலில் கெடுக்கும்.

பிரித்த இரும்பு உருக்காலைக்குப் போய்க் கம்பியாகவும் தகடாகவும் திரும்பி வருகிறது. ஒரு டன் இரும்புக் கழிவை உருக்கினால், சுமார் 1.4 டன் இரும்புத் தாதுவைத் தோண்ட வேண்டியதில்லை. அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாகத் தயாரிக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதமே போதும். எத்தனை முறை உருக்கினாலும் உலோகம் உலோகமாகவே இருக்கும். பொருளை வீசி எறியாமல் மீண்டும் மீண்டும் சுற்ற விடும் இதைத்தான் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்கிறார்கள்.

"ஐந்நூறு ரூபா சேர்த்துத் தர்றேன், பேப்பரெல்லாம் எதுக்கு சார்?" என்று யாராவது கேட்டால், "சான்றிதழ் தருவீங்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். இல்லை என்றால், வண்டியைக் கொடுக்காதீங்க.