திருவாரூர் கணக்குப் பையன்

நாகூர் தர்காவுக்கு வந்தவர்கள் வடக்கே இன்னும் கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் வாஞ்சூர் வந்துவிடும். அங்கிருந்து காரைக்கால், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். இன்றைக்கு அந்த எல்லை என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வருவது மதுக்கடை போர்டுகள்தான். ஒரு காலத்தில் அது நிஜமான எல்லை. நாகூரையும் 277 கிராமங்களையும் தஞ்சை மன்னர் துளஜா 1778-ல் ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டார். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில். அதற்கும் வடக்கே தரங்கம்பாடி, 1620-லிருந்து டேனிஷ்காரர் கையில். விடிகாலையில் கிளம்பிக் கடலோரமாக நடந்தால், பொழுது சாய்வதற்குள் மூன்று ராஜாங்கத்துச் சட்டத்தையும் மிதித்துவிடலாம்.

அமெரிக்காவின் எல்லைப்புற ஊர்களில் தானே சட்டம் படித்து வக்கீலாகி மேலே வந்தவர்கள் என்றதும் லிங்கனைச் சொல்வார்கள். மரக்கட்டை வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காமல், 1836-ல் வக்கீல் உரிமம் வாங்கியவர். நம் கடலோரத்து எல்லையும் அப்படி ஒருவரைக் கொடுத்தது. அவர் தி. முத்துசாமி ஐயர்.

தஞ்சாவூர் ஜில்லா உச்சுவாடியில் 1832 ஜனவரி 28-ல் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பா போய்விட்டார். பிழைப்புக்காகத் தாயும் பிள்ளையும் திருவாரூர் வந்தார்கள். கிராமக் கணக்கரிடம் எடுபிடி வேலை, மாதம் ஒரு ரூபாய். சீக்கிரமே தாயும் போய்ச் சேர்ந்தாள்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தார் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தத் தெருவிளக்கு பல பெரியவர்களின் வரலாற்றில் எரிகிறது. எனக்கு ஆற்றுக்கரைக் கதைதான் பிடிக்கும். ஒருநாள் எங்கோ கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தார் முத்துசாமி நாயக்கருக்குத் தகவல் வந்ததாம். விசாரித்துவர அனுப்ப குமாஸ்தா யாரும் இல்லை, பையன்தான் நின்றான். போனான், பார்த்தான், ஒன்று விடாமல் வந்து சொன்னான். பிறகு பெரிய குமாஸ்தா போய்ப் பார்த்தபோது பையன் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. நாயக்கர் அவனைக் கவனிக்க ஆரம்பித்தார். பிறகு தன் மருமகனுக்குத் துணையாகச் சென்னைக்குப் படிக்க அனுப்பியவரும் அவர்தான்.

காவிரிப் பாசனத்தில் வழக்கு என்றால் என்ன? வாய்க்கால், வரப்பு, பாகப்பிரிவினை, குத்தகை. கரை எங்கே உடைந்தது, கணக்கில் எந்த நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பன்னிரண்டு வயதில் பார்த்தவனிடம் சாட்சிக்காரன் எத்தனை நேரம் பொய் சொல்ல முடியும்? அவருடைய முதல் சட்டக் கல்லூரி அந்தக் கணக்குச் சுவடிதான் என்பது என் கட்சி.

1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு. 1856-ல் வக்கீல் தேர்வு. அதன்பின் தரங்கம்பாடியில் முன்சீப். டேனிஷ்காரர்கள் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது 1845-ல். நேற்று வரை வேறு கொடி பறந்த ஊரில், வேறு சட்டத்துக்குப் பழகிய ஜனங்களுக்கு, தஞ்சாவூர்க்காரப் பையன் நியாயம் சொல்ல உட்கார்ந்தார். (அதே ஊரில் முன்சீப்பாக இருந்த இன்னொருவர் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய வேதநாயகம் பிள்ளை. தரங்கம்பாடிக் காற்றில் ஏதோ இருந்திருக்கிறது!)

டெபுடி கலெக்டர், தென் கன்னடத்தில் சப் ஜட்ஜ், சென்னையில் மாஜிஸ்திரேட் என்று வேலைகள் மாறின. மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, தன் வளவுக்குள் நுழைந்த ஒரு ஏழையை அடித்ததாகப் புகாருக்கு ஆளான வெள்ளைக்கார ஹைகோர்ட் நீதிபதிக்கே சம்மன் அனுப்பி அபராதம் போட்டார் என்பார்கள். அபராதம் 3 ரூபாயாம். திருவாரூர்க் கணக்கில் மூன்று மாதச் சம்பளம்.

1878-ல் அவரே சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனார், முதல் இந்தியராக. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கொதித்தன. அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒரு பத்திரிகை இல்லையே என்று பட்டது ஆறு இளைஞர்களுக்கு. நாலு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள், தலைவர் திருவையாற்றுக்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20-ல் 80 பிரதி அச்சடித்தார்கள். அதுதான் ‘தி ஹிந்து’. ஒரு மனிதரின் உத்தியோக உயர்வுக்காக ஒரு பத்திரிகையே பிறந்தது வேறு எங்காவது நடந்திருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை.

1891-ல் மலபார் திருமண முறையை ஆராய்ந்த கமிஷனுக்குத் தலைவர். 1893-ல் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதி. அதே வருஷம் சர் பட்டம். 1895 ஜனவரி 25-ல் காலமானார். ஹைகோர்ட்டில் ஜார்ஜ் வேட் செதுக்கிய பளிங்குச் சிலை இருக்கிறது.

அவர் இடத்துக்கு மதுரைக்காரர் எஸ். சுப்பிரமணிய ஐயர் வந்தார். அந்த முறை யாரும் புதுப் பத்திரிகை தொடங்க வேண்டியிருக்கவில்லை.