பீரங்கி காவல் காப்பது யாரை?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்... "எங்ககிட்டயும் கோட்டை இருக்குல்ல!" என்று மீசையை முறுக்குவான். "ஏறிப் பார்த்திருக்கியா?" என்றால், "பஸ்ல போறப்ப பார்த்திருக்கேன்" என்பான். எங்கள் கீரமங்கலத்திலும் இதே கதைதான்!

அந்தக் கோட்டை திருமயத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. அடிவாரத்தில் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில் நல்ல அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். மலையின் நடுவே இன்னொரு சிறு குடைவரை, உள்ளே லிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் தரிசனம். உச்சியில் பீரங்கி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு ஏறினேன். பீரங்கியைக் கட்டிக்கொண்டு எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். "இதை மேனேஜர் வீட்டுப் பக்கம் திருப்ப முடியுமாடா?" என்று ஒருவன் தீவிரமாக விசாரித்தான். யாருமே திரும்பிப் பார்க்காதது, கீழே வெயிலில் மின்னிய கண்மாயை!

ஜெர்மனியில் வால்டெக் என்று ஒரு மலைக்கோட்டை. அதன் காலடியில் எடர் நீர்த்தேக்கம்; 1914-ல் அணை கட்டி முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1943 மே மாதம், பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. கோட்டையை விட்டுவிட்டு அணையை உடைத்துவிட்டுப் போயின. நாட்டின் உயிர் எங்கே இருக்கிறதென்று எதிரிக்குத் தெரிந்திருக்கிறது!

இங்கே குண்டு வீச எதிரி வர வேண்டியதில்லை. வரத்து வாய்க்காலில் குப்பை கொட்டினால் போதும். வாய்க்கால் அடைத்தால் மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராது. வராவிட்டால் கரை எதற்கு, மடை எதற்கு, கலுங்கு எதற்கு?

இறங்கி வந்தபோது கண்மாய்க் கரையில் ஒரு பெரியவர். "என்ன தம்பி, பீரங்கி பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க ஐயா."

"அது சோறு போடாது தம்பி. இதுதான் போடும்" என்று தண்ணீரைக் காட்டினார்.

சுருக்கென்றது. எங்கள் பக்கம் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் போர்வெல் தண்ணீர்தான். போர்க்குழாய் மட்டும் வருஷா வருஷம் பாதாளத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது.

நீங்களும் திருமயம் போங்கள். தாராளமாகப் போட்டோ எடுங்கள். ஊர் திரும்பியதும் ஒரே ஒரு வேலை: உங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எங்கே என்று விசாரியுங்கள். அதன் மேல் யாராவது வீடு கட்டியிருந்தால், உங்கள் ஊர்க் கோட்டை ஏற்கெனவே விழுந்துவிட்டது சார்!