சுற்றுலாவழிப் பாதுகாப்பு நிதி

சுற்றுலாவழிப் பாதுகாப்பு நிதி என்பது காடு, நீர்நிலை, பவளப்பாறை, தொல்லுயிர் எச்சங்கள் நிறைந்த நிலம் முதலிய இயற்கை வளங்களைக் காணவரும் பயணிகளும், அவர்களை அழைத்துவரும் சுற்றுலா முகமைகளும் செலுத்தும் பணத்தின் ஒரு பகுதியை அவ்வளங்களின் பாதுகாப்புக்கே திருப்பிச் செலவிடும் முறையாகும். வழக்கமான சுற்றுலா வருவாய் அரசின் பொதுக் கருவூலத்தையோ தனியாரையோ சென்றடைகிறது. இம்முறையில் பணம் அது ஈட்டப்பட்ட இடத்திலேயே தங்குகிறது என்பதே அடிப்படை வேறுபாடு ஆகும். இந்தியாவில் புலிகள் காப்பகங்களுக்கு இதற்கான சட்ட ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டின் பாடாலூர் வட்டாரத்தில் உள்ளவை போன்ற தொல்லுயிர் எச்ச நிலங்களுக்கு இத்தகைய ஏற்பாடு உருவாகவில்லை.

தேவை

ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என அறிவிப்பதற்கு ஓர் அரசாணை போதும். ஆனால் காவலர் ஊதியம், சுற்றுக்காவல், தீத்தடுப்புக் கோடுகள், களை அகற்றல், அறிவிப்புப் பலகைகள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். அது கிடைக்காத இடங்களில் பாதுகாப்பு ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

மறுபுறம், விடுதிகள், ஊர்தி உரிமையாளர்கள், பயண முகமைகள் ஆகியோரின் வருமானம் அவ்வளத்தையே நம்பியுள்ளது. ஏரி வற்றினால் பறவை வராது. பறவை வராவிட்டால் பயணியும் வரமாட்டார். ஆகவே பாதுகாப்புச் செலவில் பங்கேற்பது முகமைகளுக்குத் தம் தொழிலின் முதலைப் பேணுவதற்கு ஒப்பாகும்.

நிதி திரட்டும் முறைகள்

இந்நிதி பொதுவாக நான்கு வழிகளில் திரட்டப்படுகிறது.

1. நுழைவுக் கட்டணம்: இதனுடன் பாதுகாப்புக்கென்று ஒரு மிகைக் கட்டணமும் சேர்த்து வாங்கப்படலாம்.
2. உரிமக் கட்டணம்: படகு, ஊர்தி, மலையேற்றம் முதலியவற்றை நடத்தும் முகமைகள் செலுத்துவது.
3. தீர்வை: காப்பகத்தை ஒட்டிய விடுதிகளின் வருவாயில் ஒரு விழுக்காடு.
4. விருப்பப் பங்களிப்பு: பயணத் தொகையுடன் சேர்த்துப் பயணியின் ஒப்புதலோடு முகமை பெற்றுத்தருவது.

எல்லா இடங்களிலும் வாயில் அமைத்துச் சீட்டுக் கொடுப்பது இயலாது. கடலுக்கோ திறந்தவெளிக்கோ வாயில் இல்லை. அத்தகைய இடங்களில் பயணிகளை முன்கூட்டியே அறிந்த முகமைகளே கட்டணத்தை எளிதாகத் திரட்ட வல்லவை.

கரிபியக் கடலில் உள்ள பொனேர் தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். அங்கு 1979இல் கடற்பூங்கா ஏற்படுத்தப்பட்டது. தொடக்க நிதியுதவி தீர்ந்ததும் பூங்காவின் நிருவாகம் தளர்ந்தது. 1992இல் நீர்மூழ்குவோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. மூழ்குதொழில் நடத்தும் நிறுவனங்களே கட்டணத்தைப் பெற்று அடையாள வில்லையை வழங்கின. இதன்மூலம் பூங்கா தன் அன்றாடச் செலவுகளைத் தானே ஈடுசெய்யும் நிலையை அடைந்தது.

பிற நாடுகளில்

எக்குவடோரின் கலாபகசுத் தீவுகளுக்கென 1998இல் இயற்றப்பட்ட தனிச்சட்டம், பயணிகளின் நுழைவுக் கட்டணத்தைத் தேசியப் பூங்காவுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பகிர்ந்தளிக்க வகைசெய்தது. வெளிநாட்டவருக்கான கட்டணம் 2024இல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. உருவாண்டா, தேசியப் பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் 5 விழுக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு 2005 முதல் வழங்கியது. 2017இல் இது 10 விழுக்காடாக உயர்ந்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்திய கலாச்சார நிதியம், சிகிரியா முதலிய இடங்களின் நுழைவுக் கட்டணத்தை மரபுச் சின்னங்களின் பேணலுக்குப் பயன்படுத்துகிறது.

இந்தியாவில்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்பதில் 2006இல் செய்யப்பட்ட திருத்தம் 38எக்ஸ் என்னும் பிரிவைச் சேர்த்தது. இதன்படி மாநில அரசுகள் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளையை நிறுவ வேண்டும். காப்பகத்தில் பெறப்படும் நுழைவுக் கட்டணம் முதலியவற்றை மறுசுழற்சி செய்து நிதி திரட்டுவது அவ்வறக்கட்டளையின் நோக்கங்களுள் ஒன்று எனச் சட்டமே கூறுகிறது.

கேரளத்தின் தேக்கடியில் உள்ள பெரியார் புலிகள் காப்பகம் இவ்வகையில் முன்னோடியாகும். 1996 முதல் 2004 வரை உலக வங்கியின் உதவியுடன் அங்குச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. திட்ட உதவி முடிவுற்றபின் பணிகள் நின்றுவிடக்கூடாது என்பதற்காக 2004இல் பெரியார் அறக்கட்டளை நிறுவப்பட்டது. பயணிகளிடம் பெறப்படும் சூழல் மேம்பாட்டு மிகைக் கட்டணம் இதன் வருவாய்களுள் ஒன்றாகும். முன்பு காட்டிலிருந்து வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள், குழுவாக அமைக்கப்பட்டு மலையேற்ற வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். காட்டை நன்கறிந்தவர்கள் அதைக் காப்பதன் மூலம் வருமானம் பெற்றது இத்திட்டத்தின் குறிப்பிடத்தக்க விளைவாகும்.

2012 சூலையில் புலிகள் காப்பகங்களின் உள்மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிகள் வெளியானதும் தடை நீங்கியது. நுழைவு வருவாய் மாநிலக் கருவூலத்துக்குச் செல்லாமல் காப்பகத்துக்கே கிடைக்க வேண்டும் என்றும், சுற்றுலா நிறுவனங்களின் வருவாயின்மீது உள்ளூர்ப் பாதுகாப்புத் தீர்வை விதிக்கப்பட வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறின.

தமிழ்நாட்டில் 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் விடுதிகளையும் படகுத்துறைகளையும் நடத்துகிறது. 2024 அக்டோபரில் வனத்துறை சார்ந்த கழகம் ஒன்றின் மூலம் 40 மலையேற்றப் பாதைகள் முன்பதிவுக் கட்டணத்துடன் திறக்கப்பட்டன. இவற்றில் உள்ளூர் மக்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர்.

வரம்புகளும் விமர்சனங்களும்

- சுற்றுலா வருவாய் நிலையற்றது. 2020இல் கோவிட்-19 பரவலால் பயணம் நின்றபோது, அதை மட்டும் நம்பியிருந்த பூங்காக்கள் நிதியின்றித் தவித்தன.
- நிதிக்காகப் பயணிகளை மிகுதியாக அனுமதித்தால் பாதுகாக்க வேண்டிய வளமே கெடும். இலங்கையின் யால பூங்காவில் ஊர்தி நெரிசல் நீண்டகாலச் சிக்கலாக உள்ளது.
- அழகிய விலங்குகள் உள்ள இடங்களே பணம் ஈட்டும். புதர்க்காடு, சதுப்புநிலம் போன்றவை புறக்கணிக்கப்படலாம்.
- கணக்கு வெளிப்படையாக இல்லாவிட்டால், பாதுகாப்பின் பெயரில் வாங்கிய பணம் விளம்பரத்துக்கும் கட்டடத்துக்கும் செலவாகக்கூடும்.

ஆகவே சுற்றுலா நிதி அரசின் ஒதுக்கீட்டுக்குத் துணையாக இருக்கலாமே அன்றி மாற்றாக இயலாது.

பாடாலூர் வட்டாரம்

பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் உள்ள பாடாலூர், திருச்சிராப்பள்ளி-சென்னை நெடுஞ்சாலையில் அமைந்த ஊராகும். இதைச் சூழ்ந்த நிலப்பகுதி கிரீத்தேசியக் காலத்தில் (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடலால் மூடப்பட்டிருந்தது. அருகிலுள்ள ஊட்டத்தூரின் பெயராலேயே இங்குள்ள பாறை அடுக்குகளின் ஒரு தொகுதி புவியியலில் அழைக்கப்படுகிறது. காரை என்னும் ஊரை ஒட்டி, மழைநீர் அரித்த பள்ளங்களில் அம்மோனைட்டு முதலிய கடலுயிரிகளின் எச்சங்கள் காணப்படுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் அளவு நீளமுள்ள கல்மரம் உள்ளது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். இது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

சாத்தனூரில் வேலியிட்ட பூங்கா உண்டு. ஆனால் எச்சங்களைக் கொண்ட நிலம் வேலிக்கு வெளியே பரந்து கிடக்கிறது. வெட்டிய காடு காலப்போக்கில் மீண்டும் வளரலாம். பெயர்த்தெடுத்த தொல்லுயிர் எச்சம் மீண்டும் உருவாகாது. அது எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரியாமற் போனால் அதன் அறிவியற் பயனும் பெரிதும் குறைந்துவிடும். சுண்ணாம்புக்கல் அகழ்வு ஒருபுறமும், நினைவுப்பொருளாக எச்சங்களைப் பொறுக்கிச் செல்லும் வழக்கம் மறுபுறமும் இவ்விடங்களுக்கு இடராக உள்ளன. வழிகாட்டி இல்லாத சுற்றுலா இரண்டாவது இடரை வளர்க்கவே செய்யும்.

வனவிலங்குச் சட்டத்தின் 38எக்ஸ் பிரிவு கல்மரங்களுக்குப் பொருந்தாது. புவிமரபிடங்களுக்கான சட்ட வரைவு ஒன்றை நடுவண் அரசு 2022இல் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. சுரங்க உரிமையாளர்கள் பங்களிக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் ஏற்பட்டன. அதாவது, நிலத்தை அகழ்வோர் பணம் செலுத்தச் சட்டம் உண்டு. அதைக் காணவருவோரின் பணத்தைப் பேணலுக்குத் திருப்பத் தனிச்சட்டம் இல்லை.

முகமைகளின் வழி நிதி திரட்டுவதற்கு இவ்வட்டாரம் ஏற்றதாகும். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமேசுவரம் செல்லும் சுற்றுலா ஊர்திகள் பாடாலூர் வழியாகவே செல்கின்றன. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலும் ஊட்டத்தூர் சுத்தரத்தினேசுவரர் கோயிலும் அண்மையில் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரமும், 2024இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டிப் பறவைகள் காப்பகமும் உள்ளன. இவற்றை இணைத்து அழைத்துவரும் முகமைகள் பயணத் தொகையுடன் ஒரு சிறு பங்களிப்பைப் பெற்றால், வாயில் அமைக்க இயலாத காரைப் பள்ளங்களுக்கும் உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்த இயலும். பொனேரிலும் தேக்கடியிலும் கண்டவாறு, அப்பணம் தனிக்கணக்கில் வைக்கப்பட்டு அவ்விடத்திலேயே செலவிடப்படுவது இதன் முதன்மையான நிபந்தனை ஆகும்.