நாடக முகமூடிக்கு பூஜை ஏன்? மெலட்டூர் நரசிம்மரின் கதை

நாடகம் முடிந்ததும் வேஷக்காரரின் முகமூடி பெட்டிக்குள் போகும். தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் அது கோயிலுக்குப் போகிறது.

ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதம், இங்கு பாகவத மேளா நடக்கும். அதில் முக்கியமான நாடகம் 'பிரகலாத சரித்திரம்'. இரவு தொடங்கினால் விடிய விடிய போகும். எழுதியவர் மெலட்டூர் வெங்கட்ராம சாஸ்திரி, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், தியாகராஜருக்கு மூத்தவர்.

தமிழ் ஊரில் தெலுங்கு நாடகம் எப்படி?

ராஜா தெலுங்கர், அவ்வளவுதான். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 குடும்பங்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து இங்கே குடியேற்றினார் என்பது ஊர் வரலாறு. அவர் பெயராலேயே ஊருக்கு அச்சுதபுரம் என்ற பெயரும் வந்தது. பெண் வேஷம் உட்பட எல்லா வேஷமும் ஆண்களுக்குத்தான்.

முகமூடி எப்போது வரும்?

தொடக்கத்தில் ஒரு சிறுவன் பிள்ளையார் முகமூடியோடு வந்து ஆடிவிட்டுப் போவான். அதன்பிறகு இரணியன், லீலாவதி, பிரகலாதன் எல்லோரும் சொந்த முகத்தோடுதான். கடைசியில் தூண் பிளக்கும்போது வருகிறது சிங்க முகம்.

அந்த முகமூடிக்கு பூஜை உண்டு. அதை அணிபவர் அன்று விரதம் இருப்பார். அணிந்தபின் அவரை நடிகராக யாரும் பார்ப்பதில்லை, சாமி வந்துவிட்டது என்றே நம்புகிறார்கள். இரணியன் மேல் பாய்ந்துவிடாமல் இருக்க ஆட்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். இரணியனைக் கிழிக்கும் காட்சி மேடையில் கிடையாது. கை வைத்தால் என்ன ஆகும் என்ற பயம் நிஜம்.

ஆப்பிரிக்காவிலும் உண்டா?

காங்கோவின் கூபா மக்களிடம் அரச முகமூடிகள் உண்டு. அதில் ஒன்று அவர்களின் ஆதி மூதாதையான 'வூட்' என்பவரைக் குறிக்கும். சோழி, மணி, தோல் வைத்துச் செய்த அது ராஜாவின் அதிகாரத்துக்கு அடையாளம். அங்கே முகமூடி ராஜாவோடு சேர்ந்தது. மெலட்டூரிலோ ராஜா போய்விட்டார், முகமூடி இருக்கிறது.

நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்தது. பிறகு வந்த மராட்டிய அரசும் 1855இல் போனது. ஆதரவு போனதும் ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் ஆகிய ஊர்களில் மேளா நின்றே போனது. மெலட்டூரிலும் ஒரு கட்டத்தில் தடுமாறி, 1930களில் மீண்டும் எழுந்தது. பக்கத்து ஊரான சாலியமங்கலத்தில் இன்றும் நடக்கிறது.

இப்போது ஆடுகிறவர்களில் பலர் வெளியூர்களில் வேலை பார்ப்பவர்கள். லீவு போட்டுவிட்டு மே மாதம் ஊருக்கு வருகிறார்கள். வசனம் தெலுங்கு, பேச்சு தமிழ், ஒத்திகைக்குக் கிடைப்பதோ சில நாட்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தத் தெலுங்கு எவ்வளவு தூரம் வரும் என்பதுதான் முகமூடியைவிடப் பெரிய கவலை.

தரமணியில் இருந்து கிளம்புகிறவர்கள் தஞ்சாவூர் போய் இறங்கினால், அங்கிருந்து மெலட்டூர் சுமார் 20 கி.மீ. நரசிம்மர் வருவது விடியற்காலையில். நடுராத்திரியில் தூங்கிவிட வேண்டாம்.